சிங்கப்பூரில் சிறைக்கு உள்ளே இருப்பவரோடு உறவு விட்டுப்போகாமல் இருக்க: வீட்டில் இருப்பவர்களுக்குச் சில வழிகள்

தீர்ப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆள் ஜாமீனில் வீட்டில்தான் இருக்கிறார் என்றால் உங்கள் கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதை அழுதே தீர்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அதைத்தான் செய்தோம். என் தம்பிக்குப் போதைப்பொருள் வழக்கு. எப்படியாவது விட்டுவிடுவார்கள் என்று அம்மா கடைசி நாள் வரை கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்தார், நாங்களும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, நீதிமன்றத்திலிருந்து அவனை அப்படியே கூட்டிப் போய்விட்டார்கள். வீட்டுக் கடன் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, பள்ளிப் பேருந்துக்கு யாருக்குப் பணம் அனுப்ப வேண்டும், காப்புறுதித் தவணை எப்போது, இது எதுவுமே அவன் மனைவிக்குத் தெரியாது என்பது மறுநாள் காலையில்தான் எங்களுக்கு உறைத்தது.

அதனால் இன்றைக்கே ஒரு நோட்டும் பேனாவுமாக அவரோடு உட்காருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கடன், மின்சாரம், தொலைபேசி, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரிடம் எவ்வளவு கடன் என்பதையும் முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள், முக்கியமாக ஆலோங்கிடம், அதாவது சட்டவிரோதமாக வட்டிக்கு விடுபவர்களிடம், வாங்கியிருந்தால். கதவில் பெயிண்ட் ஊற்றிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, திட்டு வாங்கிக்கொண்டாவது அவர் இப்போதே சொல்லிவிடுவது மேல். இந்த ஒரு விஷயம் மறைந்திருந்ததால் மனசு விட்டுப்போன மனைவிமாரை எனக்குத் தெரியும். கணவர் சிறைக்குப் போனதைக்கூட அவர்கள் தாங்கிக்கொண்டார்கள். தெரியாத கடனுக்கு ராத்திரியில் கதவைத் தட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

தம்பி உள்ளே இருந்த மூன்றரை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான், கீழே எழுதுவதெல்லாம் அதிலிருந்து வந்தவை. சின்ன வாக்காகக் கொடுங்கள், கொடுத்ததைக் காப்பாற்றுங்கள். உள்ளே இருப்பவருக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு வேலை குறைவு. 'வாராவாரம் எழுதுகிறேன்' என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் விட்டால், அந்த இரண்டு வாரமும் அவர் என்னென்னவோ கற்பனை செய்துகொள்வார். மாதம் ஒரு கடிதம்தான் முடியும் என்றால் மாதம் ஒன்று என்றே சொல்லுங்கள். வெளியில் இருக்கும் பிள்ளைக்கும் இதே கணக்குதான்.

விசிட்

சாங்கி சிறைக்குப் போவது அப்படியொன்றும் கடினமில்லை, தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து அப்பர் சாங்கி ரோடு நார்த் வழியாகப் போகும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள், கைப்பேசி உள்ளே வராது. நேரில் பார்ப்பது என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நீங்கள், ரிசீவரைக் காதில் வைத்துப் பேச வேண்டும். திரையில் பார்த்துப் பேசும் டெலி-விசிட்டும் உண்டு. தொட முடியாது என்பதை முதல் தடவை போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் தம்பி மகள் கண்ணாடியைத் தட்டித் தட்டி 'திறங்க, திறங்க' என்று அழுதாள், அன்றைக்குப் பாதி நேரம் அதிலேயே போய்விட்டது, அவளுக்கு முதலிலேயே சொல்லாமல் விட்டது என் தவறு.

மாதத்தில் கிடைக்கும் விசிட் கொஞ்சம்தான், ஆனால் பார்க்கத் துடிப்பவர்கள் நிறைய. நம் வீடுகளில் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை வருவது இங்கேதான். பெற்றவளுக்குப் பார்க்கத் தோன்றாதா என்று ஒரு பக்கம், நான் கட்டிக்கொண்டவள் இல்லையா என்று இன்னொரு பக்கம். யார் எப்போது போவது என்று முதல் மாதமே ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையது இப்படி: ஒரு விசிட் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்று நிரந்தரம், அடுத்ததில் அம்மாவும் மற்றவர்களும் மாறி மாறி. மனைவிக்கு ஏன் முதல் இடம் என்று சித்தப்பா ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும். அவன் திரும்பி வந்து வாழப்போவது அவளோடும் அந்தப் பிள்ளைகளோடும்தான்.

பேச வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், மூன்று விஷயம் போதும். நேரம் முடியப்போகும்போது கெட்ட செய்தி சொல்லாதீர்கள், ஏனென்றால் நீங்கள் பேருந்தில் ஏறி யாரிடமாவது சொல்லி ஆறிவிடுவீர்கள், அவருக்கு அந்த நான்கு சுவர்தான். சொல்லியே ஆக வேண்டியதை முதலில் சொல்லி, அதைப் பற்றிப் பேச நேரம் விட்டு, அப்புறம் பிள்ளை பல் விழுந்த கதையோடு முடியுங்கள். பழைய கணக்கைத் தீர்க்க இது இடமில்லை. 'உன்னால்தான் இப்படி' என்பது அவருக்கே தெரியும். ஒரு தடவை நான் அதைச் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் அவன் என்னைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

உங்களுக்கும் கோபம் இருக்கும், அது நியாயம். அதைக் கொட்ட வேறு ஆள் தேடுங்கள். அருகிலுள்ள குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியரிடம் பேசலாம். தமிழில் பேசினால்தான் மனசு ஆறும் என்றால் பீட்டி ரோட்டில் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. நான் அங்கே ஏறுவதற்கு எட்டு மாதம் தயங்கினேன், தெரிந்த முகம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. அந்த எட்டு மாதமும் என் கோபத்தைத் தம்பி மனைவிதான் வாங்கிக்கொண்டாள்.

கடிதம்

கடிதங்களை அதிகாரிகள் படிப்பார்கள், அதை மனதில் வைத்து எழுதுங்கள், அவ்வளவுதான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 'இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல்' என்று எழுதினால் அவருக்கு வீடு கண்ணில் தெரியாது. கீழே காப்பிக்கடையில் ரொட்டி போடுபவர் மாறிவிட்டார், புது ஆளின் கறிக்குழம்பில் உறைப்பு கம்மி, மகன் தமிழ்ப் பரீட்சையில் 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் ஒரே எழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான், லிஃப்டில் நான்காம் மாடி ஆண்ட்டி உன்னைக் கேட்டார். இப்படி எழுதுங்கள். தேக்கா சந்தையில் மீன் என்ன விலை என்றுகூட எழுதலாம், என் தம்பி அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னான்.

இதைவிட முக்கியமானது, அவரிடம் யோசனை கேளுங்கள். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு ஒப்புக்குக் கேட்காமல், நிஜமாகவே இன்னும் முடிவாகாத ஒன்றைக் கேளுங்கள். மகனைப் பள்ளியில் கால்பந்தில் சேர்ப்பதா சிலம்பத்தில் சேர்ப்பதா என்று தம்பி மனைவி கேட்டாள். அவன் மூன்று பக்கம் பதில் எழுதினான். முடிவில் பையன் அப்பா சொன்னதைத்தான் எடுத்தான். 'அப்பா சொன்னாங்க' என்ற வாக்கியம் அந்த வீட்டில் மூன்றரை வருஷமும் புழக்கத்தில் இருந்தது, அதனால்தான் அவன் வெளியில் வந்தபோது அந்த வீட்டுக்கு அவன் விருந்தாளியாகத் தெரியவில்லை. உள்ளே இருப்பவர்கள் டேப்லெட் வழியாக மின்கடிதம் அனுப்பும் வசதி வந்தபிறகு பதில் கிடைக்கும் வேகம் கூடியிருக்கிறது. ஆனாலும் பிள்ளை கிரேயானில் வரைந்த தாளை அனுப்ப முடிந்தால் அதை அனுப்புங்கள்.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வது

இதைப் பற்றி நீளமாகத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தவறுவது இதில்தான்.

'அப்பா வெளிநாட்டில் வேலைக்குப் போயிருக்கிறார்.' நாங்களும் முதலில் பையனிடம் இதைத்தான் சொன்னோம். பாத்தாமில் வேலை, பெரிய வேலை, லீவு கிடைக்காது. ஏழு வயதுப் பையன் அதை நம்பினான், நம்பியதோடு வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான். பாத்தாம் படகில் ஒரு மணி நேரம்தானே, ஏன் உன் அப்பா வருவதே இல்லை என்று கேட்டது வகுப்பில் ஒரு பையன். அப்புறம் தீபாவளி அன்று, பெரியவர்கள் பேசியதைக் காதில் வாங்கிய உறவுக்காரப் பிள்ளை ஒன்று விளையாட்டுச் சண்டையில் அதைப் போட்டு உடைத்தது. பையன் அழவே இல்லை. நேராக வந்து என்னிடம் கேட்டான், 'அத்தை, நீங்களும் பொய் சொன்னீங்களா?' அப்பா மேல் அவனுக்கு வந்த கோபம் சில மாதத்தில் அடங்கிவிட்டது. எங்கள் மேல் வந்தது அடங்க இரண்டு வருஷம் ஆயிற்று. நேரத்துக்கு வருகிறேன் என்றாலும் நம்பமாட்டான், மூன்று தடவை கேட்பான்.

சொல்லுங்கள். வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள், ஆனால் பொய்யைக் கலக்காதீர்கள். மூன்று நான்கு வயதுக்கு: 'அப்பா ஒரு தப்புப் பண்ணிட்டார். அதனால அவர் ஜெயில்ல இருக்கணும். அங்க அவருக்குச் சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் இருக்கு. நீ பண்ணின எதனாலயும் அவர் போகலை.' கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், சின்னப் பிள்ளைகள் தங்கள் சேட்டையால்தான் அப்பா போய்விட்டார் என்று நிஜமாகவே நினைத்துக்கொள்ளும். பத்து வயதுக்கு மேல் என்றால் என்ன குற்றம், எத்தனை நாள் என்பதையும் சொல்லலாம். முடிந்தால் போவதற்கு முன் அவரே தன் வாயால் சொல்லட்டும். எப்போது வருவார் என்று கேட்டால் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'அடுத்த தீபாவளிக்கு வந்துவிடுவார்' என்று ஆறுதலுக்குச் சொன்னால் பிள்ளை அந்தத் தேதியைப் பிடித்துக்கொள்ளும்.

வகுப்பாசிரியரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் சொல்லிவையுங்கள். சொன்னால் பிள்ளையை ஒரு மாதிரிப் பார்ப்பார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் காரணம் தெரியாத ஆசிரியருக்கு அது வெறும் அடங்காத பிள்ளையாகத்தான் தெரியும். இன்னொன்று, 'நீயும் உங்கப்பன் மாதிரிதான் ஆகப்போற' என்ற வார்த்தை அந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது, பாட்டி உட்பட. அம்மா அதை ஒரே ஒரு தடவை சொன்னார், நான் அன்று அம்மாவிடம் குரல் உயர்த்தினேன். வாழ்க்கையில் அதற்கு முன் உயர்த்தியதில்லை.

உறவுக்காரர்களுக்கு நீளமான விளக்கம் தேவையில்லை. 'அவன் சிறையில் இருக்கிறான், வந்ததும் சொல்கிறோம், பிள்ளைகள் முன்னால் இதைப் பேச வேண்டாம்.' இதை ஒரு தடவை சொல்லிவிட்டால் கல்யாணத்துக்குக் கல்யாணம் புதுப் பொய் தேட வேண்டியதில்லை.

பணம், உதவி

சம்பாதித்தவர் போய்விட்டார் என்றால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் உங்கள் வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் கம்கேர் என்ற அரசு நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள். பள்ளிக் கட்டணம், சீருடை, புத்தகத்துக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் இருக்கிறது, பள்ளி அலுவலகத்திலேயே கேட்கலாம். வீட்டுக் கடன் தவணை இடிக்கும் என்று தெரிந்தால் வீவகவிடம் நீங்களே முதலில் போய்ப் பேசுங்கள். 2010இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் சமூகத் திட்டத்தின் தொண்டூழியர்கள் கைதிகளின் குடும்பங்களை வீட்டுக்கே வந்து பார்த்து, எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று சொல்வார்கள். பெற்றோர் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கென்றே நியூ லைஃப் ஸ்டோரீஸ் என்ற அறநிறுவனம் இருக்கிறது. 1956இலிருந்து இயங்கும் சிங்கப்பூர் ஆஃப்டர்கேர் அசோசியேஷனில் கைதிகளின் குடும்பங்களுக்கும் ஆலோசனை உண்டு.

பணக் கஷ்டத்தை உள்ளே இருப்பவரிடம் மறைக்க வேண்டாம், ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாதபோது விவரம் முழுவதையும் அவர் தலையில் இறக்கவும் வேண்டாம். 'இந்த மாதம் கொஞ்சம் இடிக்கிறது, உதவிக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.' அவ்வளவு போதும்.

வீட்டில் மரணம் நேர்ந்தால் உடனே சிறைக்குத் தெரிவித்துவிடுங்கள். கடைசியாக முகம் பார்க்க விடுவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள், ஆனால் கேட்காமல் இருந்துவிட்டால் அந்த வருத்தம் இரண்டு பக்கமும் போகவே போகாது.

வரும் நாள் நெருங்கும்போது

2014இலிருந்து இங்கே நிபந்தனையுடன் கூடிய தண்டனைக் குறைப்பு முறை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கை முடித்ததும் வெளியே வருவார்கள், மீதிக் காலத்துக்குள் மறுபடி குற்றம் செய்தால் அதற்கும் சேர்த்து அனுபவிக்க நேரிடும். சிலர் உள்ளே இருக்க வேண்டிய கடைசிப் பகுதியை ஹாஃப்வே ஹவுஸ் என்ற இடைக்கால இல்லத்திலோ, காலில் கண்காணிப்பு டேக் கட்டிக்கொண்டு வீட்டிலோ கழிப்பார்கள். வீட்டில் என்றால் ஊரடங்கு நேரம், அதிகாரிகளின் அழைப்பு, யூரின் டெஸ்ட் நாள் எல்லாம் உங்கள் வீட்டுக் கால அட்டவணையிலும் வந்து உட்கார்ந்துவிடும். அவருக்கு டெஸ்ட் இருக்கும் நாளில் கோயில், கல்யாணம் என்று எதையும் வைக்காதீர்கள்.

அவரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அதிகாரிகள் கேட்டு வந்தால் நிஜமான பதிலைச் சொல்லுங்கள். முடியாது என்றால் முடியாது. ஓரறை வீட்டில் ஐந்து பேர் இருக்கலாம், வயதுக்கு வந்த பெண்பிள்ளை இருக்கலாம், இன்னும் ஆறாத கோபம் இருக்கலாம். இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் ஆசிரமம் போன்ற இல்லங்கள் இதற்காகத்தான் இருக்கின்றன. அவர் அங்கே இருக்கட்டும், நீங்கள் தவறாமல் போய்ப் பாருங்கள். வேண்டாவெறுப்பாகக் கூட்டி வந்துவிட்டு மூன்றாம் வாரம் வெளியே போ என்று சொல்வதைவிட இது எவ்வளவோ நல்லது.

அடிப்பவராக இருந்தவர், பிள்ளைகளுக்கு ஆபத்தாக இருந்தவர் என்றால் உறவைக் காப்பாற்ற வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வன்முறைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசி 1800-777-0000, எந்த நேரமும் பேசலாம்.

வந்த பிறகு

முதல் நாள் சொந்தபந்தங்களைக் கூப்பிட்டுப் பிரியாணி போடாதீர்கள். நாங்கள் போட்டோம். இருபது பேர், சத்தம், எல்லோரும் ஆளுக்கொரு அறிவுரை. அவன் அரை மணி நேரத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவே இல்லை. முதல் வாரம் வீட்டு ஆட்கள் மட்டும் இருங்கள். அவர் விடியுமுன்பே எழுந்து படுக்கையை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம், மின்தூக்கியில் கூட்டம் என்றால் படியில் இறங்கலாம், கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் எப்படி என்று தெரியாமல் கடையில் விழிக்கலாம். பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகளையே சொல்லிக் கொடுக்க விட்டால் இன்னும் நல்லது.

பெரிய சிக்கல் வீட்டுத் தலைமையில் வரும். இத்தனை வருஷம் எல்லாவற்றையும் மனைவி ஒருத்தியாகப் பார்த்திருக்கிறாள், வந்த மறுவாரமே 'நான் ஆம்பளை, நான் பார்த்துக்கறேன்' என்று அவர் கையை நீட்டினால் வெடிக்கும். பிள்ளைகளைக் கண்டிக்கும் உரிமையும் அப்படித்தான், கொஞ்ச காலத்துக்கு அது அம்மாவிடமே இருக்கட்டும். அவருக்கு ஒரே ஒரு பொறுப்பைக் கொடுங்கள், தினமும் செய்ய வேண்டியதாக, தவறினால் தெரிவதாக. என் தம்பிக்கு மகளைக் காலையில் பள்ளிக்குக் கூட்டிப்போகும் வேலை. முதல் நாள் அவள் கையைக் கொடுக்கவில்லை, பத்தடி முன்னால் நடந்தாள். அவன் எதுவும் சொல்லாமல் பின்னாலேயே போனான், மறுநாளும் போனான். மூன்றாவது மாதம் பையைக் கொடுத்தாள்.

வேலைக்கு யெல்லோ ரிப்பன் சிங்கப்பூர் கைகொடுக்கும், ஸ்கோர் என்று முன்பு இருந்த அமைப்புதான் 2020இல் இந்தப் பேருக்கு மாறியது. முன்னாள் கைதிகளுக்காக 1989இல் தொடங்கிய ஐஸ்கோஸ் கூட்டுறவுச் சங்கத்தில் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் திட்டம் உண்டு. முதல் சம்பளம் குறைவாக இருந்தால் வீட்டில் யாரும் அதை எண்ணிக்காட்டாதீர்கள்.

பழைய கூட்டாளிகளைப் பற்றித் தினமும் விசாரணை வைக்காதீர்கள், பையைத் துழாவாதீர்கள். அதற்குப் பதில் வந்த முதல் மாதத்திலேயே நேராக உட்கார்ந்து பேசிவிடுங்கள்: மறுபடி ஆசை வந்தால் முதலில் யாருக்குப் போன் போடுவாய், எங்களுக்குச் சந்தேகம் வந்தால் நாங்கள் யாரிடம் பேசலாம், அப்போது நீ வீட்டில் இருப்பாயா வெளியே தங்குவாயா. வெளியே வருபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இரண்டு வருஷத்துக்குள் திரும்பப் போகிறார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்தப் பேச்சு நடந்த வீட்டில், சறுக்கினாலும் அவரால் வாய் திறந்து சொல்ல முடிகிறது. என் தம்பி ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் செய்து, 'அக்கா, கீழே வா' என்று மட்டும் சொன்னான். பழைய ஆள் ஒருவனைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். வாங்கவில்லை, ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது. புளோக்குக்குக் கீழே கல் மேசையில் இரண்டு பேரும் விடிகிறவரை உட்கார்ந்திருந்தோம், காலையில் அவனே தன்னைக் கண்காணிக்கும் அதிகாரிக்குப் போன் செய்து சொன்னான், அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான்.

கடிதங்களை என்ன செய்வது என்று கடைசியாக ஒரு விஷயம். நீங்கள் சேர்த்து வைத்திருப்பீர்கள், அவரும் உள்ளேயிருந்து ஒரு கட்டுக் கொண்டுவருவார். அவரைக் கேட்காமல் எடுத்துப் படிக்கவோ தூக்கிப் போடவோ கூடாது. எங்கள் வீட்டில் அவை பழைய மைலோ டின் ஒன்றில் அலமாரி மேல் இருந்தன, ஒன்றரை வருஷம் அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே இறக்கி, மகன் எழுதியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் படித்துவிட்டு, மற்றதை மூடி வைத்தான். பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'இதுல ஸ்பெல்லிங் எல்லாம் தப்பு' என்று சொல்லி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனான்.